பால்மாப் பேணியில் ஒரு மணவறை

எழுபதுகளின் தொடக்கம். வெளிநாட்டுச் சாமான்கள் வருவது அநேகமாக நின்றுபோயிருந்த காலம். யாழ்ப்பாணத்து உடுவிலில் எங்கள் வீட்டு முற்றத்தில் எனக்குக் கலியாணம். ஆவணி மாதம், நல்ல முகூர்த்தம். அந்த ஒரே நாளில் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் பந்தல் போட்டிருந்தார்கள். அந்தக் கலியாணத்துக்கு முதல் நாளும் கலியாண நாளும்தான் நான் சொல்லப்போகும் கதை.

முதலில் என்னுடைய ஒரு பழக்கத்தைச் சொல்லவேண்டும். மற்றவர்கள் கழித்துவிடும் எதையும் எறிய எனக்கு மனம் வராது. உடைந்த கண்ணாடிக் காப்புத் துண்டுகளை விளக்குச் சுவாலையில் வாட்டி, வளைத்து, ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்துச் சங்கிலி செய்வேன். எரிந்துபோன மின்குமிழுக்கு வர்ணம் பூசித் தொங்கவிடுவேன். பழைய கலண்டர்த் தாள்களை நீட்டு நீட்டாக வெட்டி, ஈர்க்கில் சுருட்டி மணியாக்கி, விறாந்தைக் கதவுக்கு ஒரு முழுத் திரைச்சீலையே கட்டியிருந்தேன். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது பால்பவுடர் அடைத்து வரும் பால்மாப் பேணி. அந்தக் காலத்துத் தகரப் பேணிகளின் உட்பக்கம் பொன்னிறமாக மினுங்கும். வெட்டி விரித்து, பூவும் இலையுமாகக் கத்தரித்து, அந்தப் பக்கம் வெளியே தெரியும்படி வளைத்துவிட்டால் பார்ப்பவர்கள் பித்தளை என்றே நினைப்பார்கள்.

அம்மாவுக்கு இதெல்லாம் பெரிய தலையிடி. கலியாணத்துக்குச் சில நாள் இருக்கும்போதே வீட்டில் நான் தொங்கவிட்டிருந்த அத்தனையையும் கழற்றி, வளவின் பின்பக்கத்துக் கொட்டிலுக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்.

"மாப்பிள்ளை வீட்டார் வந்து பாத்தால் பழைய பேணி பொறுக்கிற வீடு எண்டெல்லோ நினைப்பினம்" என்றார்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. மாப்பிள்ளை கீரிமலைப் பக்கத்தவர். மலைநாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தார். லீவு கிடைக்கவில்லை என்று என்னைப் பார்க்கக்கூட வரவில்லை. தாயும் தமக்கையும்தான் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான் அவருடைய படத்தை மட்டும் பார்த்திருந்தேன். யாரோ பிழையாகச் செய்த கணக்கைப் பார்ப்பவர் போல அதில் முகத்தை வைத்திருந்தார். போதாக்குறைக்கு, என் சிநேகிதி ஒருத்தியின் உறவுக்காரப் பையன் அவரிடம் படித்தவன். 'அந்த மாஸ்ரர் சிரிச்சு ஒருத்தரும் காணேல்லை' என்று அவன் சொன்னானாம். அவள் அதைக் கொண்டுவந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. சிரிக்காத மனிதரோடு ஒரு ஆயுள் முழுக்க எப்படி இருப்பது?

ஐயா, என் தகப்பன், புகையிலைத் தோட்டக்காரர். கடைசிப் பிள்ளையின் கலியாணம் என்று ஒரு குறையும் வைக்கவில்லை. தவிலுக்குப் பெயர்போன அளவெட்டியிலிருந்து மேளம் பிடித்திருந்தார். மணவறைச் சோடனைக்கு, ஊரில் பேர் எடுத்த ஒருவருக்கு மாதங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார். மயிலும் அன்னமும் வைத்து, சரிகைக் கடதாசியும் வர்ணக் கடதாசியும் ஒட்டி அவர் செய்யும் மணவறை அப்போது பிரசித்தம்.

கலியாணத்துக்கு முதல் நாள் காலை வெயில் நன்றாகத்தான் எறித்தது. பத்துப் பதினொரு மணிபோல எங்கிருந்தோ இடி முழங்கி, பெருமழை கொட்டிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல நின்றுவிட்டது. அது நின்று கொஞ்ச நேரத்தில் சோடனைக்காரருடைய உழவு இயந்திரம் வாசல் படலையடியில் வந்து நின்றது. ஆட்கள் ஓடிப்போய் அதன் இழுவைப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

நான் அறை யன்னலால் பார்த்தேன். மயிலின் நீலம் அன்னத்தின்மேல் வழிந்திருந்தது. தூண்களில் ஒட்டிய சரிகைக் கடதாசி கிழிந்து தொங்கியது. வளைவுச் சோடனை முழுவதும் ஊறி, சோற்றுப் பசை வாசம் அடித்தது. மரச் சட்டங்கள் மட்டும்தான் மிச்சம்.

சோடனைக்காரர் இறங்கி ஐயாவுக்கு முன்னால் நின்று தலையில் கை வைத்தார்.

"ஐயா, நல்லா மூடிக் கட்டித்தான் கொண்டந்தனான். சந்தியிலை அடிச்ச காத்து படங்கைக் கிளப்பிப் போட்டுது. நான் என்ன செய்ய?"

"நாளைக்கு முகூர்த்தம். உதுக்குள்ளையோ என்ரை பிள்ளையை இருத்துறது? வேறை கடதாசி ஒட்டும்."

"கடதாசிக்கு எங்கை போக ஐயா? யாழ்ப்பாணம் முழுக்க அலைஞ்சாலும் கிடையாது. கப்பல் வந்தால்தானே. வேறை மணவறையும் இல்லை. எல்லாம் நாளைக்கு ஒவ்வொரு வீட்டிலை நிக்குது."

தென்னங்குருத்தில் செய்யலாம் என்று யாரோ சொன்னார்கள். "அது பந்தலுக்குக் காணும். மணவறைக்கு ஒரு மினுக்கம் வேணுமெல்லோ" என்று சோடனைக்காரரே தலையாட்டினார். மாப்பிள்ளை பக்கம் கொஞ்சம் பெரிய இடம். தமக்கையார் பெண் பார்க்க வந்தபோதே, உட்காரும் முன் எங்கள் வீட்டுக் கதிரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தவர். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். ஐயாவின் கோபம் ஏறிக்கொண்டு போனது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் கைகலப்பில்தான் முடிந்திருக்கும்.

கலியாணப் பெண் வெளியே வரக்கூடாது என்று கட்டளை. நான் வந்துவிட்டேன்.

"ஐயா, கொட்டிலுக்குள்ளை என்ரை சாமானுகள் கிடக்குது."

அம்மா திடுக்கிட்டு அழுகையை நிறுத்தினார். "உனக்கென்ன விசரே? உள்ளுக்குப் போ பிள்ளை. பொம்பிளை முத்தத்திலை நிக்கிறதை ஆரும் கண்டால் என்ன கதைப்பினம்?"

ஐயா அம்மாவைக் கையமர்த்திவிட்டு என்னுடன் கொட்டிலுக்கு வந்தார். அதுவரை என் கைவேலை பற்றி அவர் நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு சொல் சொன்னதில்லை. கதவைத் திறந்ததும் உள்ளே பாய்ந்த வெயில், என் சாமான்கள் கிடந்த சாக்கின்மேல் விழுந்தது. நான் முன்பு செய்து வைத்திருந்த தகரப் பூ ஒன்றை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"உது பேணியோ?"

"ஓம் ஐயா. பேணியின்ரை உள்பக்கம்."

"பவுண் மாதிரியெல்லோ கிடக்குது" என்றார். பிறகு சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு நடந்தார்.

சோடனைக்காரர் பூவைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முன்பக்கம் பொன். பின்பக்கம் பால்மாக் கொம்பனியின் படமும் எழுத்தும்.

"பின்பக்கத்தை ஆர் பாக்கப் போகினம்?" என்றார். "பிள்ளை, உது மாதிரி இன்னும் நிறைய வேணும்."

அவ்வளவுதான். செய்தி ஒழுங்கை முழுக்கப் பரவியது. பெண்கள் மடி நிறையப் பேணிகளோடு வந்தார்கள். பால்மாப் பேணி, பிஸ்கற் பேணி, மீன் பேணி. மீன் பேணி வந்ததும் அம்மா துள்ளினார். "ஐயோ, கலியாண வீட்டுக்கு மச்சச் சாமானோ!" அவற்றை மட்டும் படலைக்கு வெளியே வைத்துவிட்டோம். சிலர் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளிக் கடதாசியைத் தந்தார்கள். தங்கள் வீட்டு ஆண்கள் எவ்வளவு புகைக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் வெளிச்சமானது.

பக்கத்து வளவில் ஒரு ரீச்சர் இருந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர், வேதக்காரர். அவர் வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் குனிந்து ஒரு பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். கிறிஸ்மஸ் சோடனைகள் வைக்கும் அவர்கள் வீட்டு நத்தார்ப் பெட்டி. தேயிலைப் பெட்டிகளின் உள்ளே ஒட்டியிருக்கும் ஈயத்தாளை வருடக்கணக்காக உரித்துச் சுருட்டி வைத்திருந்தார். தூண்களைச் சுற்ற அது ஒன்றே போதுமாக இருந்தது.

"வேண்டியதை எடு பிள்ளை. நத்தாருக்கு முதல் தந்தால் காணும்" என்றார்.

பெட்டியின் அடியில் பழைய அட்டையில் வெட்டிய தேவதூதர்கள் சிலர் இருந்தார்கள். வெள்ளை அங்கி, விரித்த இறகு. மயில் இருந்த இடத்துக்கு அளவாக இருப்பார்கள் என்று சோடனைக்காரருக்கு ஆசை. சைவக் கலியாணத்தில் இவர்களை எப்படி வைப்பது என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ரீச்சர் அம்மாவின் குங்குமச் சிமிழை வாங்கி, ஒவ்வொரு தேவதூதரின் நெற்றியிலும் தன் விரலாலேயே பொட்டு வைத்தார்.

"பொட்டு வைச்சால் உங்கடை ஆக்கள், அழிச்சால் எங்கடை ஆக்கள். சரியோ?"

காலையில் அழுத அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

விளக்கு வைக்கும் நேரம்வரை முற்றத்தில் கத்தரிக்கோல் சத்தம்தான். தோட்டத்தில் தகரம் வெட்டும் பெரிய கத்தரியோடு ஐயா பேணிகளைத் திறந்து விரித்துக் கொடுத்தார். நான் பூவும் இலையும் வெட்டினேன். மற்றப் பெண்கள் அவற்றை வளைத்தார்கள். சோடனைக்காரர் ஏணியில் நின்று ஆணியடித்தார். விளாம்பிசினால் ஈயத்தாள் ஒட்டினோம். கடதாசி மணித் திரை மணவறையின் முகப்புக்குப் போனது. காப்புச் சங்கிலிகள் பக்கங்களுக்குப் போயின. அம்மா வெற்றிலைத் தட்டு அடுக்குவதை விட்டுவிட்டு வந்து, "அந்தச் சிவப்புக் குமிழை நடுவிலை போடு" என்று சொன்னபோது எனக்குள் ஒரு இனிப்பு.

இதற்கிடையில் தகர விளிம்பு என் வலது கை விரலை நன்றாக வெட்டிவிட்டது. மருதாணி போட்ட விரலில் இரத்தம். அம்மா கிழிந்த வேட்டித் துண்டால் சுற்றிக் கட்டிவிட்டு, "நாளைக்கு அந்த மனுசன் கையைப் பிடிக்கேக்கை என்ன நினைப்பாரோ" என்றார். கொஞ்ச நேரம் மறந்திருந்த பயம் அப்படியே திரும்பி வந்தது.

மறுநாள் காலை மாப்பிள்ளை வீட்டார் மேளத்தோடு வந்தார்கள். பந்தலுக்குள் நுழைந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். கிழக்கு வெயில் பட்டு மணவறை முழுவதும் தகதகவென்றிருந்தது. தமக்கையார் பக்கத்திலிருந்தவரிடம் "கொழும்பிலை இருந்து எடுப்பிச்சிருக்கினம் போலை" என்றதை என் தோழி ஓடிவந்து எனக்குச் சொன்னாள். எனக்குப் பாதி உயிர் வந்தது.

வந்த பாதியும் மணவறைக்குள் போய் உட்கார்ந்தவுடன் போய்விட்டது.

குனிந்த தலையோடு போய் இருந்தேன். அவர் பக்கத்தில் இருந்தார். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். மெதுவாகக் கண்ணை உயர்த்தி மேலே பார்த்தேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத்தான் பொன். மணவறைக்குள் இருப்பவர்களுக்குத் தெரிவது பூக்களின் பின்பக்கம்! கூரையிலும் வளைவிலும் எங்கே பார்த்தாலும் பால்மா விளம்பரம். கொழுத்த குழந்தையின் பாதி முகம், பசுவின் கொம்பு, கரண்டி அளவுகள், எழுத்து எழுத்து எழுத்து. பின்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்ட நாங்கள், உள்ளே இரண்டு பேர் உட்காரப் போகிறார்கள் என்பதை யோசிக்கவே இல்லை.

கன்னிகாதானம். ஐயா என் கையை எடுத்து அவர் கையில் வைத்தார். அவர் பிடித்தார். துணி கட்டிய விரல் தட்டுப்பட்டதும் அவருடைய பிடி தளர்ந்தது. காயத்தில் படாமல் உள்ளங்கையை மட்டும் தாங்கிக்கொண்டார். நீர் வார்க்கும் சத்தத்துக்கிடையில், உதடு அசையாமல் கேட்டார்.

"கையிலை என்ன காயம்?"

"பேணி வெட்டினது."

"பேணியோ?"

எனக்குப் பொய் வரவில்லை. என்னை அறியாமல் என் கண் மேலே போனது. அவருடைய கண்ணும் அதைப் பின்தொடர்ந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குள் கூறைச்சேலையை என் கையில் தந்து, மாற்றிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அறைக்குள் எனக்குக் கூறை உடுத்திய பெண்கள் என்னென்னவோ பேசினார்கள். ஒன்றும் காதில் ஏறவில்லை. நான் யன்னல் இடுக்கால் மணவறையைப் பார்த்தேன். அவர் தனியாக உட்கார்ந்து, கழுத்தை நிமிர்த்தி, மேலே ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை வாசித்துக்கொண்டிருந்தார். விடைத்தாள் திருத்தும் அதே முகம். எவ்வளவு புள்ளி போடப் போகிறாரோ?

திரும்பி வந்து பக்கத்தில் இருந்தேன். கடைக்கண்ணால் பார்த்தால் அவருடைய தோள் நடுங்குகிறது. கோபம்தான் என்று நினைத்தேன். ஐயர் குனிந்து நெய் எடுத்த நேரம் அவர் என் பக்கம் சரிந்தார்.

"'திறந்தபின் ஒரு கிழமைக்குள் பாவிக்கவும்' எண்டு எழுதிக் கிடக்குது. இது உமக்கோ, எனக்கோ?"

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும், இத்தனை நாள் பட்ட பயமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததென்றும் தெரியவில்லை.

"அது எனக்கு. உங்கடை தலைக்கு மேலை இருக்கிறதை வாசிக்கேல்லையோ? 'ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு உகந்தது.'"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான். சிரிக்கவே மாட்டார் என்று சொன்ன அந்த மாஸ்ரர் பந்தல் முழுக்கக் கேட்க வாய்விட்டுச் சிரித்தார். என்னால் அடக்க முடியவில்லை. முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். ஏதோ சமிக்ஞை என்று நினைத்த தவில்காரர் கெட்டிமேளத்தைத் தொடங்க, ஐயர் இரண்டு கையையும் ஆட்டி "இன்னும் இல்லை, இன்னும் இல்லை!" என்று கத்தினார். நான் அழுகிறேன் என்று நினைத்து அம்மா பக்கத்தில் நின்று தானும் அழுதார்.

பிறகு தாலி ஏறியது. இந்த முறை மேளம் சரியான நேரத்தில்தான் முழங்கியது.

சாப்பாட்டு நேரம் தமக்கையார் அம்மாவிடம் கேட்டேவிட்டார், மணவறை எந்த ஊரில் எடுத்தது என்று. அம்மா 'கொழும்பு' என்று சொல்ல வாயெடுத்ததை நான் கண்டேன். அதற்குள் என் கணவர் குறுக்கே வந்தார்.

"இஞ்சைதான் அக்கா. என்ரை வீட்டுக்காரி தன்ரை கையாலை செய்தவ. விரலைப் பாருங்கோ."

தமக்கையார் என் விரலைப் பிடித்துப் பார்த்தார். பிறகு மணவறையைப் பார்த்தார். "எனக்கும் ஒரு கதவுத்திரை கட்டித் தாரும் மச்சாள்" என்றார். சற்றுத் தள்ளிப் பந்திக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்த ஐயா, எங்களையே பார்த்தபடி, நிறைந்த குவளைக்குள் திரும்பவும் வார்த்தார்.

சோடனைக்காரர் அந்தத் தகரப் பூக்களைத் தனக்கே தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டு போனார். கடதாசித் தட்டுப்பாடு தீரும்வரை அதுதான் ஊரில் பல கலியாணங்களுக்கு நின்றது. பின்பக்கத்துக்கு வர்ணம் அடித்துவிடவா என்று அவர் கேட்டபோது, என் கணவர் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு நாங்கள் போன கலியாணங்களில் எத்தனையோ மாப்பிள்ளைகளும் பெண்களும் காரணமில்லாமல் மணவறைக்குள் சிரித்ததைப் பார்த்திருக்கிறோம். ஏன் என்று எங்கள் இருவருக்கும்தான் தெரியும். ரீச்சரின் தேவதூதர்கள் நத்தாருக்கு வீடு திரும்பிவிட்டார்கள். குங்குமம் முழுக்க அழியவில்லையாம். அந்த வருடம் அவர்கள் மெல்லிய பொட்டோடுதான் நின்றார்கள்.

என் பிள்ளைகளின் கலியாணங்கள் பெரிய மண்டபங்களில், குறை சொல்ல முடியாத சோடனைகளோடு நடந்தன. நானும் முன்வரிசையில் இருந்து சந்தோசமாகப் பார்த்தேன். ஆனாலும் எனக்கு எப்போது கலியாணம் நடந்தது என்று யாராவது கேட்டால், மற்றவர்கள் கண்ணில் படக்கூடாதென்று நாங்கள் மறைத்த பக்கத்தை அவர் முழுவதும் வாசித்து முடித்து, என்னோடு சேர்ந்து சிரித்தாரே, அந்தக் கணத்தைத்தான் நினைத்துக்கொள்வேன். தாலி அதற்குப் பிறகுதான் ஏறியது.